ஒன்பது தட்டுகளும் ஒரு பதாகையும்

நல்ல மனம் உள்ளவர்களைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. நல்ல மனமும் வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாக வாய்த்தவர்களைக் கண்டால்தான் கொஞ்சம் ஒதுங்கி நடக்க வேண்டும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு காலத்தில் நானே அப்படிப்பட்ட ஓர் ஆள்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. எங்கள் ஊரான லுக்குட்டில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இயங்கிய சமூக சேவை மன்றத்துக்கு நான் செயலாளர். (போட்டியின்றித் தேர்வு. ஆண்டுக் கூட்டத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன். படியேறி முடிப்பதற்குள் செயலாளர் ஆகியிருந்தேன்.) ரத்த தான முகாம், இலவசக் கண் பரிசோதனை, கோயில் வளாகத்தில் கோத்தோங் ரோயோங் என்று வருடம் முழுக்க ஏதாவது நடக்கும். கோத்தோங் ரோயோங் என்றால் எல்லோரும் கூடித் துப்புரவு செய்வது. இருபது பேர் கூடுவோம், நான்கு பேர் கூட்டுவார்கள். மீதிப் பேர் நாசி லெமாக் சோறு சாப்பிட்டுவிட்டுப் பொட்டலத் தாளைக் கீழே போட்டு, அந்த நான்கு பேருக்கும் வேலை குறையாமல் பார்த்துக்கொள்வோம்.

இவற்றில் பெரியது தீபாவளி உதவி. வசதி குறைந்த குடும்பங்களைத் தேடிப் போய் அரிசி, எண்ணெய், மாவு, துணிமணி கொடுப்போம். முந்தைய வருடம் ஒரு பெண்மணிக்குக் கொடுத்தபோது, படம் எடுக்கிற நேரம் பார்த்து அவர் அரிசிப் பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். எங்கள் மன்றத்தின் செய்தி மடலில் அந்தப் படம் வந்தது. ஓர் அரிசிப் பைக்கு இரண்டு கைகளும் ஒரு சேலையும் முளைத்தது போல இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது தூக்கத்தைக் கெடுத்தது. நான் அப்போது தடித்த புத்தகங்களாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். (தடித்த புத்தகம் படிக்கிறவனைச் செயலாளர் ஆக்கக் கூடாது. எங்கள் சட்டவிதிகளில் இந்த ஒரு விதி இல்லாமல் போய்விட்டது.)

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன்.

"நாம தர்மம் குடுக்கப் போற மாதிரி போகக் கூடாது. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போற மாதிரி போகணும். பெட்டியில கட்டிக் குடுத்தா அது பிச்சை. அழகா எடுத்துக்கிட்டுப் போனா அது மரியாதை."

தலைவர் சின்னையா அண்ணன் ஓய்வு பெற்ற பள்ளிக்கூடக் கிராணி, அதாவது குமாஸ்தா. எதைக் கேட்டாலும் கோப்பில் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம் அவருக்கு. அவர் யோசித்து முடிப்பதற்குள் மகளிர் பிரிவுத் தலைவி ருக்குமணி அக்கா கையைத் தூக்கிவிட்டார்.

"அழகா எடுத்துக்கிட்டுப் போறது என் பொறுப்பு."

ருக்குமணி அக்காவின் தொழில் கல்யாணங்களுக்குச் சீர்த்தட்டு அலங்காரம் செய்து வாடகைக்கு விடுவது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

தலைவருக்கு ஒரே ஒரு கவலைதான். "பேனர் வேணும்லா. பேனர் இல்லாம சேவை செஞ்சா, நாம போனோம்னு யாருக்குத் தெரியும்?" கடைசியில் சமாதானத்துக்கு வந்தோம். பதாகையை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வெளியே வேலியில் கட்டி ஒரு படம் எடுத்துவிட்டு உடனே அவிழ்த்துவிட வேண்டும். அந்த வேலை விளம்பரப் பொறுப்பாளர் பாலுவுக்கு. அவரிடம்தான் கேமரா இருந்தது.

இன்னொரு யோசனையும் என்னுடையதுதான். முன்கூட்டிச் சொல்லாமல் போக வேண்டும். சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டா வருகிறார்கள்?

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆறுமுகம் என்றொரு மண்டோர், அதாவது தொழிலாளர்களை மேய்க்கும் கங்காணி. மேலிருந்து விழுந்த குலை ஒன்று காலை முறித்துவிட, ஐந்து மாதமாக வீட்டில் இருந்தார். மனைவி லெட்சுமி. ஒரே மகள் வசந்தி, சுங்கை காடுட் தொழிற்சாலை ஒன்றில் வேலை. கோயில் கமிட்டியில் யாரோ இவர்களுடைய பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் யாரும் அவர்களைப் பார்த்ததில்லை. அவர்களுக்கும் எங்களைத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. வேனிலிருந்து இறங்கினோம். தலைவர் பட்டு வேட்டியில். ருக்குமணி அக்காவும் மகளிர் பிரிவைச் சேர்ந்த மூன்று பேரும் பட்டுச் சேலையில். நான் புது வேட்டி, சந்தன நிற ஜிப்பா. வேன் கதவைத் திறந்தால் ஒன்பது தட்டுகள். கண்ணாடி பதித்த, தங்க நிறச் சரிகை ஓரம் போட்ட, அசல் கல்யாணத் தட்டுகள். ஒன்றில் சேலை விசிறி மடிப்பில் மயிலாக நின்றது. ஒன்றில் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு. இன்னொன்றில் சார்டின் டின்களைக் கோபுரமாக அடுக்கி, உச்சியில் ஒரு செயற்கை ரோஜா.

"எதுக்குக்கா ஒம்பது?" என்று கேட்டேன்.

"ஒத்தப்படையில வரணும் தம்பி. அதான் முறை."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அழகு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆளுக்கொரு தட்டை ஏந்தி வரிசையாக நடந்தோம். (மிச்சத் தட்டுகளுக்கு மறுநடை.) லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். துணி உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மா வாயெல்லாம் சிரிப்பாக, "மண்டோர் வீட்டுக்கா?" என்று கேட்டார். "ஆமாங்க!" என்று நானும் வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னேன். ஊரே நம் சேவையை ஆசீர்வதிக்கிறது என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

மண்டோர் வீட்டு வாசலில் பெரிய கோலம். உள்ளே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அடுப்படியிலிருந்து நெய் மணம். யாரோ ரகசியத்தை உடைத்துவிட்டார்கள் என்று எனக்கு வருத்தம். ஆனாலும் எவ்வளவு பண்பான குடும்பம், உதவி வாங்குவதற்குக் கோலம் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று உருகினேன்.

ஆறுமுகம் அண்ணன் ஊன்றுகோலோடு எழுந்து நின்றார்.

"வாங்க வாங்க! கொஞ்சம் முன்னாடியே வந்துட்டீங்க."

"நல்ல காரியத்துக்கு எதுக்குங்க காத்துக்கிட்டு?" என்றேன்.

அவர் தட்டுகளைப் பார்த்தார். ஒன்பதும் வந்து முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்ளோ எதுக்குங்க? நாங்க இதெல்லாம் எதிர்பார்க்கவே இல்லீங்க."

"அப்படிச் சொல்லாதீங்க. இது எங்க கடமை" என்றார் தலைவர்.

"என் கால் இப்படி ஆயிருச்சு. எங்களால திருப்பிப் பெரிசா ஒண்ணும் செய்ய முடியாது. அத முன்னாடியே சொல்லிடறேன்."

"நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்ணே. மனசார வாங்கிக்கிட்டாப் போதும்" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கிவிட்டது. ருக்குமணி அக்கா என் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்தார். பேச்சை நீட்டு என்று ஜாடை காட்டுகிறார் எனப் புரிந்துகொண்டு மேலும் இரண்டு நிமிடம் உறவின் பெருமையைப் பற்றிப் பேசினேன். இன்னோர் இடி. இன்னும் ஒரு நிமிடம் பேசினேன்.

உள்ளேயிருந்து வசந்தி வந்தாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கையில் தேநீர்த் தட்டு, தலை குனிந்தபடி. தலைவர் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"என்னம்மா படிச்சிருக்கே?"

"டிப்ளோமாங்க."

"நல்லது. எதிர்காலத்தப் பத்தி என்ன நினைக்கிறே?"

அந்தப் பெண் வெட்கத்தோடு தலையை நிமிர்த்தினாள். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்த அவள் பார்வை என்னிடம் நின்றது. ஒரு நொடி என் முகத்தையே பார்த்தாள்.

"அப்பா," என்றாள், "இவரு இல்லப்பா."

அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"நானும் அப்பலேர்ந்து யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் ஆறுமுகம் அண்ணன். "போட்டோல நல்லாருந்தாரே, நேர்ல இப்படி இருக்காரே, போட்டோக்காரன் செஞ்ச வேலை போலன்னு நினைச்சேன்."

அன்று வசந்தியைப் பெண் பார்க்க மந்தினிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. பதினொரு மணிக்கு. முடிவாகும்வரை வெளியில் சொல்லக் கூடாது என்று அவர்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாங்களும் வருவதைப் பற்றி மூச்சு விடவில்லை. இரண்டு ரகசியங்களும் ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன.

நான் தட்டுத் தடுமாறி, சேவை மன்றம், தீபாவளி, வசதி குறைந்த என்று ஆரம்பித்தேன். ஆறுமுகம் அண்ணனின் முகம் மெல்ல மாறியது. கொஞ்சம் முன்னால் கண் கலங்கப் பார்த்த அதே தட்டுகளை இப்போது வேறு மாதிரி பார்த்தார்.

"எங்க பேர யாருங்க எழுதிக் குடுத்தது?" என்று மெதுவாகக் கேட்டார். "கால்தான் ஒடஞ்சிச்சு. புள்ள சம்பாதிக்குது. நாங்க யார்கிட்டயும் கேக்கலியே."

நான் படித்த தடித்த புத்தகங்கள் எதிலும் இந்தப் பக்கம் இல்லை. அரிசிப் பைக்குப் பின்னால் ஒளிந்த அந்தப் பெண்மணியைவிட இவரை நான் மோசமான இடத்தில் நிறுத்திவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம்.

"அலாமாக்!" என்றார் ருக்குமணி அக்கா. "தம்பி, நாம இங்க என்ன செய்றோம்னு சொன்னா இவங்க மானம் போயிரும். சொல்லலன்னா இன்னொரு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து தட்டு வெச்சிருக்காங்கன்னு நினைச்சு அவங்க போயிருவாங்க."

அடுப்படியிலிருந்து கேசரிக் கரண்டியோடு லெட்சுமி அக்கா வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாங்கள் எல்லோரும் எழுந்து பின்வாசல் பக்கம் நகர்ந்தோம்.

"ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது" என்றார். "தட்டு வந்தத லயமே பாத்தாச்சு. திரும்பிப் போறதையும் பாக்கணுமா? உக்காருங்க." கரண்டி என்னை நோக்கித் திரும்பியது. "உன் பேரு என்ன?"

"முரளிங்க."

"முரளி, நீ என் சித்தப்பா மவன். என் தம்பி. வசந்திக்குத் தாய்மாமன். அக்கா மவளப் பாக்க வர்றாங்கன்னு மாமன் சீரோட வந்திருக்கே. எனக்குக் கூடப் பொறந்தவன் இல்ல, முன்ன நின்னு செய்ய யாருன்னு மாப்பிள்ளையோட பெரியப்பா ஏற்கெனவே ரெண்டு வாட்டி கேட்டாச்சு. இப்ப நீ இருக்கே. வெளங்குச்சா?"

"வெளங்குச்சுக்கா."

அப்போதுதான் பாலுவின் ஞாபகம் வந்தது. வாசலுக்கு ஓடினேன். கார் கதவு திறந்துகொண்டிருந்தது. வேலி ஓரத்தில் பாலு, சுருட்டிய பதாகையின் ஒரு முனையை அப்போதுதான் கட்டி முடித்துவிட்டு, மறு முனையைப் பிடித்து விரிக்கத் தயாராக இருந்தார். 'வசதி குறைந்த குடும்பங்களுக்கு உதவும் கரங்கள் திட்டம்.' ஆறடி நீளம். சிவப்பு எழுத்து.

"செயலாளரே, நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த முனைய கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன். பிய்த்தேன். ஒளிக்க இடமில்லை. ஜிப்பாவைத் தூக்கி இடுப்பைச் சுற்றிச் சுற்றிக்கொண்டேன். அரை நிமிடத்தில் என் இடுப்பு தலைவருடைய இடுப்பானது.

மாப்பிள்ளை குமரன், அவனுடைய அம்மா, பெரியப்பா. மூன்று பேர், மூன்று தட்டுகள். கூடத்துக்குள் காலை வைத்த பெரியப்பா எங்கள் ஒன்பதையும் எண்ணினார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எங்களுக்கு முன்னாடியே யாரோ தட்டு வெச்சிட்டாங்க போலயே. நாங்க வேணா கிளம்பறோம்."

வசந்தி கதவோரமாக நின்றிருந்தாள். சற்றுமுன் இருந்த வெட்கமெல்லாம் போய், அவள் முகம் வெளுத்திருந்தது. அவளுக்கு இந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது என்பதை அந்த முகத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

லெட்சுமி அக்கா சிரித்தார். "யாரோ இல்லீங்க, என் தம்பி. மாமன் சீரு கொண்டாந்திருக்கான். பேச்சு முடியட்டும்டான்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறான். அக்கா மவள்னா அவனுக்கு உசுரு."

பெரியப்பா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு தட்டுகளைப் பார்த்தார்.

"சீருல சார்டினா?"

"நாங்க லுக்குட்டுங்க" என்றேன். "கடல் பக்கம். எங்க பக்கத்து வழக்கம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உலகத்தில் எத்தனையோ வழக்கம் என்று நினைத்திருப்பார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். 'கிறீச்' என்றது. மூச்சு விட்டேன். அதற்கும் 'கிறீச்'.

"என்ன சத்தம்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"வயிறுங்க. காலைல சாப்பிடல."

அந்த அம்மாளுக்கு என்மீது பரிவு வந்துவிட்டது. "தாய்மாமன் பசியோட இருக்காரே" என்று கேசரியை என் பக்கம் தள்ளினார். அசைந்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் கேசரி வரும் என்ற கணக்கில் நான்கு தட்டுக் கேசரி சாப்பிட்டேன். உள்ளே பிளாஸ்டிக் பதாகை, வெளியே புக்கிட் பெலண்டோக் வெயில். வியர்வையில் ஜிப்பா நிறம் மாறியது. இந்த நேரத்தில் தலைவர், தாம் எந்த நிகழ்ச்சியில் இருக்கிறோம் என்பதை மறந்து, எழுந்து நின்று, "மதிப்பிற்குரிய பெரியோர்களே, இன்றைய இந்த நிகழ்வுக்கு…" என்று ஆரம்பித்துவிட்டார். ருக்குமணி அக்கா அவருடைய பட்டு வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

பெரியப்பா என்னிடம் திரும்பினார். "அப்ப கல்யாணத்துக்கு மாமன் சீரு, மாலை, எல்லாம் நீங்கதான் முன்ன நின்னு செய்வீங்க?"

லெட்சுமி அக்கா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அதட்டிய அந்த அம்மாள் முதல்முறையாக என்னிடம் ஒன்றைக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. வாயால் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"நான்தாங்க" என்றேன். "வேற யாரு?"

அன்று நான் சொன்னவற்றில் யோசிக்காமல் சொன்னது அது ஒன்றுதான். யோசித்துச் சொன்னவையெல்லாம் எங்கே கொண்டுபோய் விட்டன என்று பார்த்தீர்கள் அல்லவா.

பேச்சு நல்லபடியாக முடிந்தது. புறப்படும்போது குமரன் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்தான். கை கொடுத்தான். அப்படியே அணைப்பது போலக் கிட்டே வந்து, என் ஜிப்பாவின் அடி ஓரத்தை மெல்லக் கீழே இழுத்துவிட்டான்.

"மாமா," என்றான் காதோரமாக, "'குறைந்த குடும்பங்களுக்கு' வெளிய தெரியுது."

எனக்கு உயிர் போய் வந்தது. அவன் சிரித்தான். "எப்ப உக்காந்தீங்களோ அப்பவே படிச்சிட்டேன். பெரியப்பாவுக்குக் கண்ணு அவ்வளவா தெரியாது. நீங்க கவலப்படாதீங்க."

அவன் அதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. நல்ல பையன் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. (முறைப்படி மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வேண்டியது தாய்மாமன் அல்லவா? விசாரித்தாகிவிட்டது.)

எங்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்றால் லெட்சுமி அக்கா விடவில்லை. "வெறுந்தட்டா குடுக்கிறது எங்க வீட்டுல இல்ல." ஒன்பது தட்டிலும் நிரப்பினார். கேசரி, முறுக்கு, கொல்லையில் வெட்டிய வாழைத்தார், பப்பாளி, இரண்டு கட்டு மரவள்ளிக் கிழங்கு. சார்டினை மட்டும் முதலில் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "தம்பி கொண்டாந்தது" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். ஆறுமுகம் அண்ணன் அதைக் கேட்டு முதன்முறையாகச் சிரித்தார். வேனில் திரும்பும்போது தலைவர் நெடுநேரம் யோசித்தார். "அறிக்கையில என்னான்னு எழுதறது? குடுத்தது ஒம்பது தட்டு, வாங்குனது ஒம்பது தட்டு. இது என்ன திட்டம்லா?"

கல்யாணத்தில் மாமன் சீர் நான்தான் கொண்டுபோனேன். அதுவும் ஒன்பது தட்டு. சார்டின் வேண்டாம் என்று ருக்குமணி அக்கா எவ்வளவோ சொன்னார். பெரியப்பா எதிர்பார்ப்பார் என்று நான்தான் வைக்கச் சொன்னேன். எதிர்பார்த்திருந்தார். பக்கத்தில் நின்றவர்களுக்கு லுக்குட்டு வழக்கத்தை அவரே விளக்கிக்கொண்டிருந்தார்.

லெட்சுமி அக்கா அடுத்த வருடம் மன்றத்தில் சேர்ந்தார். இப்போது தலைவரே அவர்தான். பட்டியலில் ஒரு பெயரைப் படித்தால் போதும், "இவங்கள போயிக் கேட்டீங்களா?" என்பார். கேட்காத பெயர்கள் அங்கேயே அடிபட்டுவிடும். பதாகை போட்டுப் படம் எடுக்கிற வழக்கமும் நின்றுவிட்டது. பாலு மட்டும் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார்.

இதெல்லாம் மன்றத்துக்கு நேர்ந்தது. எனக்கு நேர்ந்தது வேறு.

தாய்மாமன் பதவியை ஏற்கிறவர்கள் ஒரு விஷயத்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. மருமகளுக்குக் குழந்தை பிறந்தால் மாமன் தாத்தா ஆகிவிடுவான். வசந்திக்கு யாழினி பிறந்தபோது எனக்கு வயது முப்பத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை, தலையில் ஒரு நரை இல்லை. அந்தக் குழந்தைக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து எனக்குப் பெயர் 'தாத்தா'. கடையில், கோயிலில், லுக்குட்டு பசாரின் நடுவில், அதுவும் உரக்க. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது அக்கா என்ற முறையில் லெட்சுமி அக்கா வந்தார். அவர் இடுப்பில் யாழினியும் வந்தாள். பெண் வீட்டார் எல்லோரும் பார்த்திருக்க என் மடியில் தாவி ஏறி, "தாத்தா, கேசரி" என்றாள். பெண்ணின் அப்பா ஜாதகத்தை எடுத்து என் பிறந்த வருடத்தை மறுபடி பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரிதான் இப்போது என் மனைவி.

எங்களுக்கு மகள் பிறந்தபோது யாழினிக்கு ஐந்து வயது. முறைப்படி அந்தப் பச்சைக் குழந்தை அவளுக்கு அத்தை. அதையெல்லாம் அவள் பொருட்படுத்தவில்லை. தொட்டிலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரி வார்டின் நடுவில் போய் நின்று, எல்லாக் கட்டில்களுக்கும் கேட்கும்படி அறிவித்தாள்:

"எங்க தாத்தாவுக்குப் பாப்பா பொறந்திருக்கு!"

வார்டே திரும்பி என் மனைவியைப் பார்த்தது. அப்புறம் வாசல் பக்கம், தாத்தாவைத் தேடியது. நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

என் மகளுக்கு இப்போது பதினோரு வயது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் புக்கிட் பெலண்டோக்கிலிருந்து எல்லோரும் வந்துவிடுவார்கள். கேக் வெட்டியதும் யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாழினியின் அந்த ஆஸ்பத்திரி அறிவிப்பை மறுபடி உரக்கச் சொல்வார். யாரென்று நான் திரும்பிப் பார்ப்பதில்லை. போன வருடம் அது என் மகளேதான்.